ஏழாம் நம்பர் பிரஸ்

ஆரணி
14-9-1987

யாக்கோபு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஏதோ இரண்டாம் வகுப்புப் பிள்ளை எழுதியது என்று நினைக்காதே. நாகப்பன்தான். இடது கையால் எழுதுகிறேன். ஐந்து வருஷமாகப் பழகியும் வரி மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகிறது.

உனக்கு எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். போன வியாழக்கிழமை சாக்கு வாங்க பஸ் ஸ்டாண்டு பக்கம் போனேன். இங்கே என் மச்சானின் ரைஸ் மில்லில் எனக்கு கேட் வேலை. டீக்கடைக்கு எதிரே ஒரு வேன், அதன் தலையில் இரண்டு ஸ்பீக்கர். பாட்டு முடிந்ததும் ஒருவர், "நான் ஒரு சாதாரணத் தொழிலாளி" என்று ஆரம்பித்தார். எட்டு வருஷம் ஒரே பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்கு வந்தவனின் குரல் எனக்குத் தெரியாதா? டீயைக் கீழே வைத்துவிட்டேன்.

கேசட் முழுவதும் கேட்டேன். ஆயுத பூஜைக்கு உன் மிஷினுக்குப் பொட்டு வைக்க நீ விடவில்லை. கம்பெனியே உன்னைச் சபித்தது. மூன்றாம் நாள் கர்த்தர் உன்னைத் தாம்பரத்துக் கூட்டத்துக்கு அழைத்துக்கொண்டார். அன்று உன் இடத்தில் உட்கார்ந்த 'ஒரு புறமதச் சகோதரனின்' மூன்று விரல்கள் போயின. "என் கையைக் காத்தவருக்கு ஸ்தோத்திரம்" என்று நீ சொல்கிறாய். கூட்டம் முழுக்க அல்லேலூயா என்கிறது.

அந்த அல்லேலூயா என் விரலுக்கா, யாக்கோபு?

ஒன்று மட்டும் கேட்டுச் சொல். உன் சாமிக்கு என்மேல் என்ன கோபம்? பதினோரு வருஷம் அவருடைய பிறந்தநாளுக்கு வீடு வீடாக டோலக் தட்டினவன் நான். மார்கழிப் பனியில் தோல் இறங்கிப்போகும். வாசலுக்கு வாசல் சருகு கொளுத்திக் காய்ச்சிக் காய்ச்சித் தட்டினேன். டோலக்கைத் தூக்கிக்கொண்டு உங்கள் தெருவுக்குள் வந்ததற்காக என் அப்பா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அப்படிப்பட்டவன் விரலை எடுத்துத்தான் உனக்குச் சாட்சி தர வேண்டியிருந்ததா அவருக்கு?

இங்கே அரிசி ஏற்ற வரும் நம்மூர் லாரி டிரைவர் சின்னப்பையனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதில் எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம்.

நாகப்பன்


சேரப்பணஞ்சேரி
22-9-1987

அன்புள்ள நாகப்பாவுக்கு,

'இரட்சகரின் நாமத்தில் வாழ்த்துதல்' என்று வழக்கம்போல ஆரம்பித்து அடித்துவிட்டேன். இப்போது அது உன் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியும்.

சின்னப்பையன் கடிதத்தைக் கொடுத்தபோது ராஜம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "இன்னாது இது, கோழி கிளறினாப்புல கீது, யாரு எழுதினது?" என்றாள். உன் பெயரைச் சொன்னேன். மீனைச் சட்டியிலேயே போட்டுவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் எந்த இடத்திலும் உன் பெயரைச் சொல்லவில்லை நாகப்பா. முதல் தடவை என்னை மேடைக்குக் கூப்பிட்டது தாம்பரத்துக் கூட்டத்தில். அங்கே பிரசங்கம் செய்யும் சகோதரர் தாவீது தோளில் கை வைத்து, "நடந்ததைச் சொல்லுங்க பிரதர்" என்றார். சொன்னேன். அழுதார்கள், கை தட்டினார்கள். மறு வருஷமும் கூப்பிட்டார்கள். சொல்லச் சொல்ல வார்த்தை வழவழப்பாகிக்கொண்டே போயிற்று. பிறகு கேசட் போட்டார்கள். அதைக் கேட்டுக் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். இதையெல்லாம் எதற்கு உனக்கு எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் நீயும் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோதே, "வேதக்காரன் பூஜை போட விடல, அம்மா என் விரலைக் காவு வாங்கிட்டா" என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னாய். அது ஊருக்கு வந்துவிட்டது. என் பெண்டாட்டி என்பதற்காகக் குழாயடியில் ராஜம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்தினார்கள். பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் இரண்டு வருஷம் யாரும் உட்காரவில்லை. அது நீ உட்காரும் சீட்டு. காலியாகவே போய் வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமைகளை நினைத்துப் பார்க்கிறேன். உன் டப்பாவில் செங்கமலம் வைத்தனுப்பும் கருவாட்டுக் குழம்பு எனக்கு, என் டப்பாவிலிருக்கும் வெறும் ரசம் சாதம் உனக்கு. வயிற்றுக்கு நல்லது என்று பொய் சொல்லிக்கொண்டு அதைத் தின்பாய். பொங்கலுக்கு உன் வீட்டுக் கரும்பு என் வீட்டு வாசலில் சாத்தியிருக்கும், யார் வைத்தார்கள் என்று ஒருநாளும் சொல்லமாட்டாய். ஓரகடம் கூட்ரோட்டில் பஸ்ஸை விட்டுவிட்டு இரண்டு பேரும் ஒரே சைக்கிளில் சிங்கப்பெருமாள் கோயில்வரை மிதித்தோமே, அன்றைக்கு நீ பாட்டுப் பாடிக்கொண்டே வந்தாய். என் கிறிஸ்துமஸ் பாட்டையும் கொட்டகையில் கேட்ட சினிமாப் பாட்டையும் கலந்து கட்டிப் பாடினாய். நான் சிரித்துச் சிரித்து சைக்கிளை வயலில் விட்டேன்.

என் தகடு வெட்டும் மிஷினை, அந்த ஏழாம் நம்பர் பிரஸ்ஸைப் போன மாதம் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். உனக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது.

இன்னொரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.

யாக்கோபு


ஆரணி
30-9-1987

யாக்கோபு,

ஆமாம், சொன்னேன். அம்மா காவு வாங்கினாள் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு நானேதான் சொன்னேன். விரல் போனவன் எதையாவது சொல்லத்தான் செய்வான். ராஜம்மாவின் குடம் விஷயம் எனக்குத் தெரியாது. தங்கச்சியை நான் விசாரித்ததாகச் சொல், அவள்மேல் எனக்கு எந்தக் காலத்திலும் வருத்தமில்லை.

நாளைக்கு ஆயுத பூஜை. மில்லில் இன்று காலையிலிருந்து கழுவுகிறார்கள். எனக்கு நம் கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது. பூஜைக்கு முந்தின நாள் லைனை நிறுத்திவிட்டு அவனவன் மிஷினை அவனவன் கழுவுவோம். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மிஷினுக்கு அடியில் மனிதன் படுப்பான். அதிலும் நீ இருக்கிறாயே! ஏழாம் நம்பரின் பெடலைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, போல்ட் போல்ட்டாகத் துடைத்து, ஸ்பிரிங்கை இழுத்து விட்டு இழுத்து விட்டுப் பார்ப்பாய். மாட்டுப் பொங்கலுக்குக்கூட நான் என் மாட்டை அப்படிக் குளிப்பாட்டியதில்லை. சூப்பர்வைசர் நரசிம்மன் சார், "யாக்கோபு மிஷினுக்குத்தான்யா முதல் பொட்டு, அதுதான் சுத்தம்" என்பார். நீ சிரித்துக்கொண்டு ஒதுங்கி நிற்பாய். கற்பூரம் அணைந்ததும் பொரியும் கடலையும் வாங்கிக்கொள்வாய். அப்போதெல்லாம் உன் சாமி உன்னைக் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

பிறகுதான் உனக்குத் தாம்பரத்துக் கூட்டம் கிடைத்தது. அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு, டோலக்கோடு வந்து நின்ற என்னைப் பார்த்து, "திருநீறை அழிச்சிட்டு வா நாகப்பா, இது பரிசுத்தமான காரியம்" என்றாய். நானும் அழித்தேன். பனியில் உன் முன்னால் நின்று புறங்கையால் துடைத்தேன். கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. இதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

கிழித்த பக்கத்தை மறுபடி எழுது. நமக்கு வயது நாற்பத்தைந்து ஆகிறது. இன்னும் எத்தனை நாளைக்குப் பூசி மெழுகுவது?

நாகப்பன்


சேரப்பணஞ்சேரி
9-10-1987

நாகப்பா,

எழுதுகிறேன். முடிவுவரை படி, நடுவில் கிழித்துப் போடாதே.

திருநீறை அழிக்கச் சொன்னது நான்தான். நீ துடைத்த விதம் எனக்கும் ஞாபகமிருக்கிறது.

மறு வருஷம் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைக்க விடவில்லை என்றுதான் மேடையில் சொல்வேன். அது பாதி. மீதியை ராஜம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. கழுவும் நாளன்று நான் வேலைக்கே வரவில்லை. நரசிம்மன் சார் முந்தின நாளே என்னிடம் கெஞ்சினார்: "கும்பிட வேணாம்பா, நீ வெளியவே நில்லு. கழுவறதுக்காச்சும் வா." கழுவுவதும் பூஜையில் சேர்ந்ததுதான், விக்கிரகத்துக்குப் படைப்பதற்கு நான் தண்ணீர் ஊற்றமாட்டேன் என்றேன். என் மிஷினை வேறு யாரும் தொடக் கூடாது என்றும் சொன்னேன். எனக்கு அப்போது அப்படி ஒரு வீறாப்பு. வீட்டில் உட்கார்ந்து வேதம் வாசித்தேன். மற்ற மிஷின்களெல்லாம் அன்று கழன்று, துடைத்து, எண்ணெய் போட்டு மாட்டப்பட்டன. ஏழாம் நம்பர் மட்டும் ஒரு வருஷத்து அழுக்கோடு அப்படியே நின்றது.

மூன்றாம் நாள் கூட்டத்துக்குப் போக ஷிப்ட் மாற்றிக்கொள்ள உன்னைக் கேட்டேன். "போய்ட்டு வா, நான் பாத்துக்கிறேன்" என்றாய்.

மறுநாள் நான் வந்தபோது ஃபிட்டர் பெடலைக் கழற்றிப் போட்டிருந்தார். ஸ்பிரிங் இரண்டாக முறிந்திருந்தது. பெடலை மேலே தூக்கி நிறுத்துவது அதுதான். அது போனால் மிதிக்காமலே இரண்டாம் அடி விழும் என்பது உனக்கும் எனக்கும் தெரியாததல்ல. எடுத்துப் பார்த்தேன். முறிந்த வாயில் பாதிக்கு மேல் பழைய துரு. கொஞ்சம்தான் புதிதாகப் பளபளத்தது. பல நாளாக அழுக்குக்குள் கீறிக்கொண்டே இருந்திருக்கிறது. இழுத்து விட்டுப் பார்த்திருந்தால் அன்றைக்கே என் கையில் தெரிந்திருக்கும்.

ஃபிட்டர் புது ஸ்பிரிங் எடுக்கப் போன நேரத்தில் அதை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். என்கொயரியில் உன்னுடைய கவனக்குறைவு என்று எழுதினார்கள். எழுதும்போது நான் அதே அறையில் நின்றேன். ஸ்பிரிங் என் பையில் கனத்தது. வாய் திறக்கவில்லை.

கர்த்தர் என் கையைக் காத்தார் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் இது காதில் விழும் என்று பயம்.

உன் முதல் கடிதம் வந்த பிறகு, இந்த வருஷம் கழுவும் நாளுக்குப் போனேன். ஐந்து வருஷத்தில் முதல் தடவை. பன்னிரண்டு மிஷின் பெடலையும் நானே கழற்றினேன். கற்பூரம் ஏற்றும்போது வெளியே வேப்பமரத்தடியில் நின்று என் ஜெபத்தைச் செய்தேன். நரசிம்மன் சார் பொரியை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார்.  நின்றுகொண்டே தின்றேன்.

ஸ்பிரிங்கைத் துணியில் சுற்றி இத்துடன் பார்சலில் அனுப்புகிறேன். ஐந்து வருஷம் பைபிளுக்குப் பின்னால் இருந்தது. அதை என்ன செய்வது என்பது இனி உன் கையில். உன்னிடம் மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

யாக்கோபு


ஆரணி
27-10-1987

யாக்கோபு,

பார்சல் வந்தது. செங்கமலம் பிரித்துப் பார்த்துவிட்டு இது என்ன இரும்பு என்றாள். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவள் ஸ்பிரிங்கைத் தூக்கி மாட்டுக்கொட்டகைப் பக்கம் எறிந்தாள். "அந்த ஆளு இங்க சோறு துன்ன ஆளாச்சே, நம்ம கையால எத்தினி தபா போட்டேன்!" என்று உட்கார்ந்து அழுதாள். பொழுது சாய்வதற்குள் நான் போய்த் தேடி எடுத்துவந்து வைத்திருக்கிறேன்.

பத்து நாள் உனக்கு எழுத முடியவில்லை. நீ எதிரில் இருந்திருந்தால் மீதி இரண்டு விரலால் உன் கழுத்தைப் பிடித்திருப்பேன். கழுவாமல் விட்டதைக்கூட விடு. மனிதன் மறப்பான், வீறாப்பில் தப்பு செய்வான். ஆனால் கவனக்குறைவு என்று எழுதியபோது நின்று பார்த்துக்கொண்டிருந்தாயே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. இந்த ஐந்து வருஷமும் என் மச்சான் வீட்டில், 'ஏதோ பராக்குப் பார்த்துக் கையை விட்டவன்' என்ற பேர் எனக்கு.

இவ்வளவும் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்றிருந்தேன். மனசு ஒப்பவில்லை. என்னிடமும் ஒரு கிழித்த பக்கம் இருக்கிறது.

அன்று காலை ஷிப்டுக்கு முன்னால் யாரும் வருவதற்குள் நான் ஏழாம் நம்பருக்குப் பொட்டு வைத்தேன். நம்மூர் மாரியம்மன் கோயில் குங்குமம், செங்கமலம் மடித்துக் கொடுத்தது. பூஜை போடாத மிஷினில் உட்காரப் பயம். எலுமிச்சம்பழத்தையும் அறுத்து இரண்டு பக்கமும் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

பத்து அடி அடித்ததுமே பெடல் சோம்பலாக எழும்புவது என் காலுக்குத் தெரிந்தது. எட்டு வருஷம் பிரஸ் ஓட்டிய காலுக்குத் தெரியாமல் போகுமா? வேறு மிஷினாக இருந்தால் நிறுத்திவிட்டு ஃபிட்டரைக் கூப்பிட்டிருப்பேன். அன்று கூப்பிடவில்லை. அதுதான் பொட்டு வைத்தாயிற்றே, அம்மா பார்த்துக்கொள்வாள் என்று அடித்துக்கொண்டே இருந்தேன். எனக்குப் பயம் போய்விட்டது. அது போகாமல் இருந்திருக்கலாம்.

ரத்தத்தைத் துடைத்தவர்கள் குங்குமத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டார்கள். யாருக்கும் தெரியாது. நான் ஊரிடம், பூஜை போடாததால் போயிற்று என்றேன். நீ ஊரிடம், பூஜை போடாததால் பிழைத்தேன் என்றாய். மிஷினோ பொட்டும் எலுமிச்சம்பழமுமாக நின்றது! இதை நினைத்து நேற்று கேட்டில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். லாரிக்காரன் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

உன் கர்த்தரும் வெட்டவில்லை, என் அம்மாவும் கேட்கவில்லை. அந்த ஸ்பிரிங்கை நீயும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் நம் சோம்பலை அவர்கள் தலையில் கட்டினோம்.

என் பாகத்தை மச்சான் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். நீ மைக்கில் சொன்னவன், மைக்கில் சொல். அதுவரை எனக்கு எழுதாதே.

நாகப்பன்


சேரப்பணஞ்சேரி
30-11-1987

நாகப்பா,

இப்போது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் தாம்பரம் போனேன். சகோதரர் தாவீதிடம் எல்லாவற்றையும் சொல்லி மேடை கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரதர், இதைச் சொன்னா விசுவாசிகள் இடறிப் போவாங்க. தேவனிடம் அறிக்கை செய்தாப் போதும்" என்றார். மைக் கிடைக்கவில்லை. அந்தக் கேசட்டை இனிப் போட வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்று ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரம் நேற்றுத்தான் தொடங்கியது. நம்மூர் வேதக்கோயிலில் மைக் இல்லை, எழுபது பேர்தான். ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றேன். கழுவாத நாள், ஸ்பிரிங், என்கொயரி, கேசட், உன் நெற்றி எல்லாவற்றையும் சொன்னேன். உன் பெயரைச் சொல்லியே சொன்னேன். பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். ஒரு கிழவர், "நல்லாருந்த சாட்சியைக் கெடுத்துக்கினியே" என்றார்.  கை தட்ட யாருமில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ராஜம்மா எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். "நாகப்பன் அண்ணனை டோலக் தட்டக் கூப்புடணும், அப்பத்தான் நான் இந்த வருசம் பாடுவேன்" என்றாள். சபையார் ஆமென் சொன்னது அந்த ஒன்றுக்குத்தான்.

இன்று கம்பெனியில் நரசிம்மன் சாரிடமும் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு, "அஞ்சு வருஷமா ஆபரேட்டர் தப்புன்னு ஃபைல்ல கிடக்கு. அந்த ஸ்பிரிங் வேணும்பா" என்றார். என் வேலை என்ன ஆகுமோ தெரியாது. பரவாயில்லை என்று சொல்லமாட்டேன், பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இரவு தூக்கம் வருகிறது.

டோலக் கோயில் அலமாரியில்தான் இருக்கிறது. ஐந்து வருஷமாக யாரும் தொடவில்லை. நீ இல்லாமல் கைதட்டித்தான் பாடினோம். உன் கை இருக்கும் நிலை தெரிந்துகொண்டே கூப்பிடுவது சரியா என்று நானும் ராஜம்மாவும் சண்டை போட்டோம். தாளம் போட முடியாவிட்டாலும் கூட நடந்து வந்தால் போதும் என்கிறாள். நான் கேட்கவில்லை, அவள் கேட்கிறாள் என்று எழுதத்தான் எனக்குத் தைரியம்.

யாக்கோபு


உ

ஆரணி
12-12-1987

அன்புள்ள யாக்கோபு,

செங்கமலம் இரண்டு நாள் பிகு செய்துவிட்டு, நேற்று கருவாடு வாங்கி வெயிலில் போட்டிருக்கிறாள். யாருக்கு என்று கேட்டால் முறைக்கிறாள். ஆக, வருகிறோம். இருபத்து மூன்றாம் தேதி சின்னப்பையன் லாரியில் வந்து இறங்குவோம். ஸ்பிரிங்கும் என்னோடு வருகிறது. நரசிம்மன் சார் மேஜைமேல் நானே வைக்கிறேன், நீ பக்கத்தில் நில்.

மூன்று விஷயம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். திருநீறு பூசிக்கொண்டுதான் வருவேன், யாருக்காகவும் அழிக்கமாட்டேன். டோலக்கை இன்றிலிருந்தே தினமும் வெயிலில் காட்டு, ஐந்து வருஷம் அலமாரியில் கிடந்த தோல் இறங்கிப்போயிருக்கும். எனக்காகப் பாட்டை மெதுவாக எடுக்க வேண்டாம் என்று தங்கச்சியிடம் சொல். டோலக்கை இப்போது திருப்பிப் போட்டுக்கொள்வேன். விரல் வேண்டிய பக்கம் இடது கைக்கு, வெறும் உள்ளங்கை போதுமான பக்கம் வலது கைக்கு. எழுதக் கற்ற கை தட்டக் கற்காதா? மில்லில் காலி டின்னில் ஒரு வாரமாகத் தட்டிப் பார்க்கிறேன். கேட்டவர்கள் காதைப் பொத்திக்கொண்டாலும் தாளம் தாளம்தான்.

மன்னித்தேனா என்று நீ எந்தக் கடிதத்திலும் கேட்கவில்லை. நானும் எழுதப்போவதில்லை, அதை எழுத இந்தக் கைக்கு வரவில்லை. முதல் வீட்டு வாசலில் நீ பாட்டை எடு. நான் தட்டினால் தெரிந்துகொள்.

நாகப்பன்